முட்டிக்குக் கீழே: கணைக்காலை விரலால் தொட்டுப் படிக்கும் முறை

"நரம்பு இழுத்துக்கிச்சு" என்றால் தமிழில் எல்லாருக்கும் புரிந்துவிடும். எது இழுத்தது என்பதுதான் தெரியாது. கையில் பச்சையாக ஓடும் ரத்தக்குழாயும் நமக்கு நரம்புதான், குதிகாலுக்கு மேலே கயிறுபோல் நிற்பதும் நரம்புதான், மரத்துப்போவதும் நரம்புதான். முட்டிக்குக் கீழே வலி வந்தால் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவரிடமும் பேச முடியாது, எதை நீட்டிப் பயிற்சி செய்வது, எதைச் சும்மா விடுவது என்று நாமே முடிவு செய்யவும் முடியாது.

ஆகவே முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுபோவது மட்டுமே நரம்பு. குதிகால் மேலே நிற்கும் கயிறு தசைநாண். கணுக்கால் மடங்கினால் கிழிவது தசைநார். கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போவதுதான் நரம்பு.

தேவையான பொருள்கள்: அரைக்கால் சட்டை, நாற்காலி, தையல் டேப், தண்ணீரில் கழுவினால் போகும் பேனா, சுவர், ஒரு படிக்கட்டு. வலிக்கும் காலைத் தொடுமுன் நல்ல காலைத் தொட்டுப் பாருங்கள். "வீங்கியிருக்கிறது" என்று பதறுகிற பலருக்கு, அந்த மேடு இரண்டு காலிலும் இருக்கிறது.

எலும்பிலிருந்து தொடங்குங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை மடக்குங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே மூன்று விரல் அகலத்தில் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதுதான் டிபியா என்னும் பெரிய கணைக்கால் எலும்பின் மேடு. பின்னால் அளவெடுக்கும்போது தேவைப்படும், பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து விரலை நேரே கீழே இழுத்தால், கூரான விளிம்பு ஒன்று கணுக்கால்வரை போகும். அந்த விளிம்புக்கு உட்புறம், ஏறத்தாழ இரண்டு விரல் அகலத்துக்கு, தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். நடுவில் தசையே இல்லை. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவதுபோல் வலிப்பது இதனால்தான்: எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வலி உணரும் நரம்பு முனைகள் ஏராளம், அடியைத் தாங்கிக்கொள்ள மெத்தைதான் இல்லை.

இன்னொரு எலும்பு வெளிப்புறம் இருக்கும் ஃபிபுலா. முட்டியின் வெளிப்பக்கத்தில், சற்றுப் பின்னால், கோலிக்குண்டு போல் உருண்டு நிற்பது அதன் தலை. அதற்குக் கீழே எலும்பு தசைக்குள் மறைந்துவிடும், கணுக்காலுக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி தட்டுப்படும். வெளிக்கணு என்பது ஃபிபுலாவின் கீழ்முனை. உள்கணு டிபியாவின் கீழ்முனை. உடல் எடையில் பெரும்பங்கை டிபியாவே சுமக்கிறது. ஃபிபுலாவின் வேலை தசைகளுக்குப் பிடிமானம் தருவதும் கணுக்காலுக்கு வெளிச்சுவராக நிற்பதும்.

ஃபிபுலாவின் தலையைத் தொட்ட விரலைச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்துப் பக்கம் நகர்த்தி மெல்ல உருட்டுங்கள். மெல்லிய கயிறு ஒன்று நழுவினால், அதுதான் பெரோனியல் நரம்பு. எலும்பைச் சுற்றி வளைந்து, தோலுக்கு மிக அருகில் போகிறது. மாவுக்கட்டு இந்த இடத்தில் இறுகினாலும், நெடுநேரம் குந்தி உட்கார்ந்தாலும், பக்கவாட்டில் பலமான அடி பட்டாலும் நசுங்குவது இதுதான். நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் முன்பாதம் தரையில் தட்டும், செருப்பு நழுவும். இந்த இடத்தில் எண்ணெய் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தி நீவ யாரையும் விடாதீர்கள்.

கெண்டைக்காலில் ஒன்றல்ல, இரண்டு

பின்புறத்துக்கு வாருங்கள். கெண்டை மீன் போல் திரண்டு நிற்கும் சதையை ஒரே தசை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணைக்கால் வலியில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

மேலே இருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். இதற்கு உள், வெளி என்று இரண்டு தலைகள், இரண்டும் தொடை எலும்பின் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டு தொடங்குகின்றன. அதாவது இந்தத் தசை முட்டியையும் கடக்கிறது, கணுக்காலையும் கடக்கிறது. அடியில் தட்டையாக, அகலமாகக் கிடப்பது சோலியஸ். அது டிபியாவிலும் ஃபிபுலாவிலும் தொடங்குவதால் முட்டியைக் கடப்பதில்லை. இரண்டும் கீழே ஒன்றாகச் சேர்ந்து அக்கிலீஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன.

இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியை நேராக வைத்து, நுனிக்காலில் நில்லுங்கள். பின்னால் யாராவது கைப்பேசியில் படம் எடுக்கட்டும். இரண்டு மேடுகள் தெரியும், உட்பக்க மேடு சற்றுப் பெரியதாக, சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதுதான் காஸ்ட்ராக்னீமியஸ். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைச் செங்கோணத்தில் மடக்குங்கள். ஒரு கையால் முட்டியை மேலிருந்து அழுத்திக்கொண்டே குதிகாலைத் தூக்குங்கள். மற்றொரு கையின் விரல்களை அந்த மேடுகளுக்குக் கீழே, இரண்டு ஓரங்களிலும் வையுங்கள். அங்கே விறைப்பது சோலியஸ். முட்டி மடங்கினால் காஸ்ட்ராக்னீமியஸ் தொய்ந்துவிடும், அதன் இழுவை குறைந்துவிடும். சுமையில் பெரும்பங்கு சோலியஸ் மேல் வந்து விழும்.

முட்டி நேராக இருந்தால் மேல்தசை, மடங்கினால் அடித்தசை: நீட்டல், பலப்படுத்தல், சோதனை மூன்றுக்கும் இந்த ஒரு விதி போதும். சுவரில் கை ஊன்றிப் பின்காலை நேராக நீட்டும் பழக்கப்பட்ட பயிற்சி காஸ்ட்ராக்னீமியஸுக்கு மட்டுமே நன்றாகப் போய்ச் சேரும். அதே நிலையில் நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், பின்கால் முட்டியை மடக்குங்கள். இழுப்பு கீழே இறங்கி, குதிகாலுக்கு மேலே ஆழத்தில் தெரியும். அது சோலியஸ் நீட்டல். ஒவ்வொன்றும் 30 விநாடி, காலுக்கு மூன்று முறை.

பரதநாட்டிய மாணவிகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். அரைமண்டி என்பது முட்டி மடங்கிய நிலை. அங்கே குதிகால் தூக்கிக்கொண்டாலோ பாதம் உட்புறம் சரிந்தாலோ, நேர்க்கால் நீட்டல் எத்தனை நாள் செய்தும் பலன் இராது. தடை சோலியஸில் இருக்கலாம், அல்லது கணுக்கால் மூட்டிலேயே இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதைக் கணுக்கால் பகுதியில் சொல்கிறோம்.

ஓடும்போது சோலியஸ் தாங்கும் விசை உடல் எடையைப்போல் ஆறு மடங்கைத் தாண்டும். அப்படியிருந்தும் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் கண்டுகொள்ளாத தசை இதுதான். வீட்டிலேயே பலப்படுத்தலாம். நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தைத் தடித்த புத்தகத்தின்மேல் வைத்து, பேரங்காடியில் விற்கும் 5 கிலோ அரிசிப் பை ஒன்றைத் தொடையின்மேல் முட்டிக்கு அருகில் வையுங்கள். இரண்டு விநாடியில் குதிகாலைத் தூக்கி, ஒரு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். 15 முறை எளிதாக வந்தால் இன்னொரு பை. ஓடுகிறவர்களுக்கு இரண்டு பை என்பது தொடக்கம் மட்டுமே.

மேல்தசைக்கு ஒரு சோதனை. ஒற்றைக் காலில் நின்று, சுவரை இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, முட்டியை மடக்காமல் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இரண்டு விநாடிக்கு ஒன்று. 25 என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் இலக்கு. வயது ஏற ஏற அது குறையும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு காலில் 24 வந்து மறுகாலில் 13-இல் நின்றுபோனால்தான் கவனிக்க வேண்டும். பலர் இதில் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார்கள்: முட்டி மெல்ல மடங்கும், உடல் முன்னே சாயும், குதிகால் ஏறும் உயரம் பாதியாகும். அந்த இடத்திலேயே எண்ணிக்கையை நிறுத்துங்கள்.

நடு இரவில் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு குரக்களி பிடிப்பதும் பெரும்பாலும் மேல்தசையில்தான். போர்வைக்குள் பாதம் கீழ்நோக்கித் தொங்கும்போது தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. பிடித்தவுடன் முட்டியை நேராக நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல இழுங்கள். முட்டியை மடக்கிக்கொண்டு இழுத்தால் பாதிதான் விடும். காரணம் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அக்கிலீஸ்: வெட்டுப்படாமலே அறுந்துபோகும் கயிறு

குதிகாலுக்கு மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு கிள்ளுவதுபோல் பிடியுங்கள். ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், உடலிலேயே தடித்த தசைநாண். கீழிருந்து மேலாக ஒவ்வொரு செ.மீ.-ஆக அழுத்திக்கொண்டே போங்கள். வலி எங்கே என்று துல்லியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மருந்தே அதைப் பொறுத்து மாறும்.

குதிகால் எலும்புக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு. வலியும் தடிப்பும் அங்கே இருந்தால் படிக்கட்டுப் பயிற்சி ஏற்றது. முன்பாதத்தைப் படியின் விளிம்பில் வைத்து, இரண்டு காலாலும் ஏறி, வலிக்கும் ஒற்றைக் காலால் மட்டும் மெல்ல இறங்குங்கள், குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை. 15 முறை, மூன்று சுற்று, முட்டி நேராக. பிறகு அதே அளவு, முட்டி மடக்கி. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, 12 வாரம். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 180. சலிப்பான வேலைதான், இதற்குக் குறுக்குவழி கிடையாது. புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்திலிருக்கும் படிக்கட்டே போதும். பயிற்சியின்போது ஓரளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

வலி சரியாகக் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் இருந்தால் கதை வேறு. குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கினால் தசைநாண் எலும்போடு அழுந்தி நசுங்கும், வலி கூடும். அவர்கள் தட்டைத் தரையிலேயே செய்ய வேண்டும், நீட்டல் பயிற்சியையும் சில வாரம் ஒதுக்கிவைக்க வேண்டும். படியில் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு, "பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை" என்று கைவிடுகிறவர்களில் பலர் இந்த வகைதான்.

தசைநாண் அறுந்தால் எப்படி இருக்கும்? பூப்பந்து விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சிலருக்கு 'டப்' என்று சத்தமே கேட்கும். பிறகு வலி குறைந்துவிடும், நொண்டிக்கொண்டு நடக்கவும் முடியும். ஏமாறுவது இங்கேதான். பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்க ஆழத்தில் வேறு தசைகளும் இருப்பதால், "அசைகிறதே, அறுந்திருக்காது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சோதனை எளிது: அவரை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். நீங்கள் கெண்டைச் சதையைப் பக்கவாட்டில் பிடித்துப் பிழியுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். மறுகாலில் அசைந்து இதில் அசையாவிட்டால், அன்றே அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இந்தத் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். மருந்து தொடங்கியபின் குதிகால் மேலே வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மருந்து எழுதிக்கொடுத்தவரிடம் உடனே சொல்லுங்கள்.

சிங்கப்பூர்த் தைப்பூசத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓட்டக் காலணிகளில் குதிகால் முன்பாதத்தைவிட சுமார் 8 முதல் 12 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். ஆண்டு முழுக்க அதில் நடந்துவிட்டு, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்காலில், அதுவும் தோளில் காவடியோடு நடந்தால், கெண்டைத் தசையும் அக்கிலீஸும் திடீரென்று பழகாத நீளத்துக்கு இழுபடுகின்றன. விரதம் தொடங்கும்போதே வெறுங்கால் நடையையும் தொடங்கிவிடுவது நல்லது. முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மேலே சொன்ன குதிகால் தூக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான தாருக்கு உள்ளங்காலைப் பழக்குவது தனிக் கதை.

முன்பக்கமும், ஐபிபிடி வலியும்

டிபியா விளிம்புக்கு வெளிப்புறம் விரலை வைத்து, பாதத்தை மேலே தூக்குங்கள். விறைக்கும் தசை டிபியாலிஸ் ஆன்டீரியர். அதன் தசைநாண் கணுக்காலின் முன்னால், உட்புறமாகத் தடித்து நிற்கும். கட்டைவிரலை மட்டும் தூக்கினால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு எழும். அதை நினைவில் வையுங்கள், நாடி பார்க்கத் தேவைப்படும். நடக்கும்போது குதிகால் தரையைத் தொட்டதும் பாதம் 'பட்' என்று விழாமல் மெல்ல இறக்கிவிடுவது இந்த முன்பக்கத் தசைகள்தான். புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். ஏறும்போது கெண்டைக்கால் வலிக்கும், இறங்கிய மறுநாள் முன்பக்கம் வலிக்கும்.

ஓடுகிறவர்களின் 'முன்கால் வலி' பெரும்பாலும் இந்தத் தசையில் இல்லை. அது டிபியாவின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில் வருகிறது. சிங்கப்பூரின் தேசிய சேவையாளர்களுக்கு ஐபிபிடி எனும் உடலுறுதித் தேர்வின் காலக்கெடு பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கணக்கு. பத்து மாதம் சும்மா இருந்துவிட்டு, பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் தினமும் 2.4 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினால் வருவது இதுதான். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளத் தசையைவிட அதிக நாள் எடுக்கும், அந்த அவகாசம் அதற்குக் கிடைப்பதில்லை.

விரலால் செய்யும் பரிசோதனை: உள்விளிம்பு நெடுக ஒவ்வொரு விரல் அகலமாக அழுத்துங்கள். வலி 5 செ.மீ.-க்கு மேல் பரவலாக இருந்தால் எலும்புச் சவ்வு சார்ந்த அழுத்த வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடி, கெண்டைத் தசைகளைப் பலப்படுத்துங்கள். வலி ஒரே புள்ளியில், விரல்நுனி அளவில், தொட்டாலே துள்ளவைத்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதற்கு ஓட்டத்தைக் குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்று மறுநாளே தடகளத்துக்குப் போய்விடாதீர்கள்.

கணுக்காலில் ஏன் எப்போதும் வெளிப்பக்கமே சுளுக்குகிறது

கணுக்கால் என்று நாம் சொல்வது இரண்டு மூட்டுகள். மேல்மூட்டில் டிபியாவும் ஃபிபுலாவும் இடுக்கிபோல் டேலஸ் என்னும் எலும்பைப் பிடித்திருக்கின்றன. பாதத்தை மேலே ஏறத்தாழ 20 டிகிரியும் கீழே 50 டிகிரியும் அசைப்பது இங்கே. கீழ்மூட்டு டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளங்காலை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது பெரும்பாலும் அதன் வேலை. டேலஸில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை. தாங்குவதெல்லாம் எலும்பின் வடிவமும் தசைநார்களும்தான்.

டேலஸின் மேற்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் மேலே மடங்கியிருக்கும்போது அகலமான பகுதி இடுக்கிக்குள் ஆப்புபோல் இறுகும். நுனிக்காலில் நிற்கும்போது குறுகலான பகுதி வந்து மூட்டு தளரும். ஆகவேதான் படி இறங்குகையில் கடைசிப் படியைத் தவறவிட்டாலும், மழையில் நனைந்த கீழ்த்தளத் தரையில் சிலிப்பரோடு வழுக்கினாலும், வடிகால் விளிம்பில் கால் வைத்தாலும் மடங்குகிறது. எல்லாமே நுனிக்கால் நிலை.

இப்போது இரண்டு கணுக்களையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். வெளிக்கணு உள்கணுவைவிடச் சுமார் 1 செ.மீ. கீழே இறங்கி, சற்றுப் பின்னால் இருக்கிறது. வெளிச்சுவர் நீளம், உட்சுவர் குட்டை. பாதம் குட்டைச் சுவர்ப் பக்கம், அதாவது உட்புறமாக, எளிதில் கவிழும். உட்பக்கத் தசைநார் விசிறிபோல் அகலமாக, வலுவாக இருக்கிறது. வெளிப்பக்கத்திலோ மூன்று தனித்தனி நார்கள். வெளிக்கணுவின் முன்விளிம்பிலிருந்து டேலஸுக்குப் போகும் முன்நார்தான் முதலில் கிழியும். சுளுக்கிய கணுக்காலில் வெளிக்கணுவுக்கு முன்னே, சற்றுக் கீழே முட்டைபோல் வீங்குவது அந்த இடத்தில்தான்.

எலும்பு முறிந்திருக்குமா என்று எக்ஸ்ரேக்கு முன்பே ஓரளவு கணிக்க ஒட்டாவா விதி இருக்கிறது. கனடா நாட்டு மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டது. வெளிக்கணுவின் பின்விளிம்பை நுனியிலிருந்து 6 செ.மீ. மேல்வரை அழுத்துங்கள். உள்கணுவிலும் அப்படியே. பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் துருத்தி நிற்கும் எலும்பை அழுத்துங்கள். பாதத்தின் உட்புறம், கணுவுக்கு முன்னால் இருக்கும் எலும்பு மேட்டையும் அழுத்துங்கள். எங்காவது எலும்பிலேயே வலித்தாலோ, அடிபட்டவுடனும் பிறகும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்கு வலிக்காமலே முறிந்திருக்கக்கூடும்.

முதல் மூன்று நாள்: மீள்பட்டையால் விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது தலையணைமேல் காலை உயர்த்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். ஐஸ் வலியைக் குறைக்கும். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சுளுக்கு வழிப்பவரிடம் போகும் அவசரத்தை அடக்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் கிழிந்த நாரை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். வலி தாங்கும் அளவுக்கு நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

பெரும்பாலோர் வீக்கம் வற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒருமுறை மடங்கிய கால் மறுமுறையும் மடங்குவதற்கு நார் தளர்ந்தது மட்டும் காரணமில்லை. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மழுங்குகிறது. வெளிப்பக்கப் பெரோனியஸ் தசைகள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. பாதத்தை வெளிப்புறம் சாய்த்தால் வெளிக்கணுவுக்குப் பின்னால் கயிறுபோல் எழுவது அவற்றின் தசைநாண்கள்தான். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். 30 விநாடி ஆடாமல் நிற்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் வந்தால் தலையணைமேல். எட்டு வாரம்.

சுளுக்குக்குப் பிறகு மூட்டு இறுகியும் போகும். அளக்க ஒரு வழி: சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியைச் சுவரில் தொடுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைப் பின்னே நகர்த்திக்கொண்டே போய், கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். 10 செ.மீ. வந்தால் நல்லது. இரண்டு கால்களுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். இழுப்பு எங்கே தெரிகிறது என்பதுதான் முக்கியம். பின்னால், குதிகாலுக்கு மேலே இழுத்தால் தடை சோலியஸில். முட்டி மடக்கிய நீட்டல் உதவும். கணுக்காலின் முன்பக்கம் எதையோ கிள்ளுவதுபோல் அடைத்தால் தடை மூட்டில். எத்தனை நீட்டினாலும் போகாது, வலிந்து நீட்டினால் வீங்கும். அதற்கு இயன்முறை சிகிச்சையாளரின் கை வேண்டும்.

உட்பக்கம்: வளைவும் நாடியும்

உள்கணுவுக்குப் பின்னால் ஒரு குறுகிய பாதை. கணுவை ஒட்டி முதலில் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாண், அடுத்து விரல்களை மடக்கும் தசைநாண், பிறகு ரத்தக்குழாயும் நரம்பும், எல்லாவற்றுக்கும் ஆழத்தில் கட்டைவிரலை மடக்குவது. முதலாவதுதான் பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒற்றைக் குதிகால் தூக்கும்போது பின்னாலிருந்து பாருங்கள்: குதிகால் உட்புறமாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேராகவே ஏறினாலோ, ஏறவே முடியாமல் உள்கணுவுக்குப் பின்னால் வலித்தாலோ, நடுவயதில் ஒரு கால் மட்டும் தட்டையாகிக்கொண்டு வந்தாலோ, அந்தத் தசைநாண் சோர்ந்துபோகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது, இழுபட்டுத் தளர்ந்தபின் பயிற்சியால் மட்டும் மீட்க முடியாது.

நாடி இரண்டு இடங்களில் கிடைக்கும். உள்கணுவுக்கும் அக்கிலீஸுக்கும் நடுவே இரண்டு விரலை மெல்ல வையுங்கள். அடுத்தது, கட்டைவிரலைத் தூக்கியபோது எழுந்த கயிற்றுக்கு வெளிப்பக்கம், பாதத்தின் மேல் நடுவில். அழுத்தினால் நாடி மறைந்துவிடும், தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மேல்நாடி ஒரு சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது. நீரிழிவு உள்ளவருக்கு இரண்டுமே கிடைக்காவிட்டால், அல்லது சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நின்றதும் விட்டுவிட்டால், பலதுறை மருந்தகத்தில் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

விரலை எடுத்துவிட வேண்டிய நேரம்

கெண்டைக்கால் வலி எல்லாம் தசைவலி அல்ல. நீண்ட விமானப் பயணம், அறுவைசிகிச்சை, மாவுக்கட்டு, பல நாள் படுக்கை, இவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். முதலில் புள்ளி வைத்த டிபியா மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலின் சுற்றளவையும் டேப்பால் அளவுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.-க்கு மேல் இருந்தால் ஐயம் வலுக்கிறது, ஆனால் வித்தியாசம் குறைவு என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்தக் காலை நீவக் கூடாது, உருளையால் உருட்டவும் கூடாது. உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 995-ஐ (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள்.

இன்னொன்று அடிபட்ட பிறகு வருவது. கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. காற்பந்தில் பலமான உதை, மோட்டார்சைக்கிள் விபத்து, டிபியா முறிவு ஆகியவற்றால் உள்ளே வீங்கினால் உறை விரியாது. அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடும். அடிக்குப் பொருந்தாத கடும் வலி, மரக்கட்டைபோல் இறுகிய தசை, கால்விரலை மற்றொருவர் மெல்ல அசைத்தாலே அலறவைக்கும் வேதனை, இவைதான் அடையாளம். நாடி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், நாடி கடைசியில்தான் போகும். சில மணி நேரத்துக்குள் உறையைத் திறக்காவிட்டால் தசை செத்துவிடும். 995-ஐ அழைத்துவிட்டு, சுற்றிய பட்டையையெல்லாம் அவிழ்த்துவிடுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்த வேண்டாம், நெஞ்சு மட்டத்திலேயே இருக்கட்டும். அறுவைசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.